அடைத்த கதவின் இரு புறமும்

'ரைட் அட் யுவர் டோர்' 2006ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கப் படம். 'உங்கள் வாசலிலேயே' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். எழுதி இயக்கியவர் கிறிஸ் கோராக். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒருநாள் காலை அடுத்தடுத்துக் குண்டுகள் வெடிக்கின்றன. வெடிப்போடு ஏதோ ஒரு நச்சும் காற்றில் கலந்து, சாம்பலாக நகரின் மேல் இறங்குகிறது. இவ்வளவு பெரிய பேரழிவைச் சொல்ல வந்த படம் தனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு வீடு. கணவன் உள்ளே இருக்கிறான், மனைவி வெளியே நிற்கிறாள். இருவருக்கும் நடுவே, பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்த கதவு. படத்தின் பெரும்பகுதி அந்தக் கதவை விட்டு நகர்வதே இல்லை.

கோராக்குக்கு இது முதல் படம். அதற்கு முன் அவர் கலை இயக்கத் துறையில் இருந்தவர். 'ஃபைட் கிளப்', 'மைனாரிட்டி ரிப்போர்ட்' போன்ற பெரிய படங்களின் கலைப் பிரிவில் வேலை பார்த்தார். 'லார்ட்ஸ் ஆஃப் டாக்டவுன்' படத்துக்குத் தயாரிப்பு வடிவமைப்பு செய்தார். சுவர், கதவு, கண்ணாடி, தூசி ஆகியவற்றைக் கொண்டு ஓர் இடத்துக்கு உயிர் கொடுப்பதுதான் அவருடைய தொழில். கையில் பணம் குறைவாக இருந்தபோது அவர் நம்பியது அந்தத் தொழிலைத்தான். இந்தப் படத்தில் வீடு கதை நடக்கும் இடமாக மட்டும் இல்லை. மூன்றாவது பாத்திரமாகவே நிற்கிறது. கடைசியில் கதையை முடித்துவைப்பதும் அந்த வீடுதான்.

படம் உருவான காலத்தை அறிந்தால்தான் அதன் அச்சம் முழுதாகப் புரியும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்த சில வாரங்களில், ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் அடைத்த கடிதங்கள் அமெரிக்கச் செய்தி அலுவலகங்களுக்கும் செனட் உறுப்பினர்களுக்கும் வந்தன. அதில் 5 பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். காலையில் வரும் தபாலே பயத்துக்குரியதாகிவிட்டது. 2002இல், கதிரியக்கப் பொருளைச் சாதாரண வெடிமருந்தோடு சேர்த்துச் சிதறடிக்கும் 'டர்ட்டி பாம்' திட்டம் ஒன்றில் தொடர்புடையவர் என்று ஓர் அமெரிக்கக் குடிமகன் கைதானதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு அபாயத்தை ஐந்து நிறங்களில் அறிவிக்கும் முறையும் தொடங்கியது. 2003 பிப்ரவரி 7 அன்று அந்த நிறம் ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டது. மூன்று நாள் கழித்து, ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர், உணவு, வானொலிப் பெட்டி ஆகியவற்றோடு பிளாஸ்டிக் தாளும் டக்ட் டேப்பும் வாங்கி வைத்துக்கொள்ளும்படி அரசு அறிவுறுத்தியது.

டக்ட் டேப் என்பது துணியிழை பதித்த, அகலமான, சாம்பல் நிற ஒட்டு நாடா. அமெரிக்க வீடுகளில் ஒழுகும் குழாய் முதல் கிழிந்த இருக்கை வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கைமருந்து. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பல ஊர்களின் ஹார்டுவேர் கடைகளில் அந்தச் சுருள்கள் தீர்ந்துபோயின. தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு அது நல்ல தீனியாயிற்று. நச்சுக் குண்டுக்கு எதிராக ஒட்டு நாடாவா என்று நாடே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த கேள்வியைக் கோராக் சிரிக்காமல் எடுத்துக்கொண்டார். ஒருவன் அந்த அறிவுரையை அப்படியே, எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினால் என்ன நடக்கும்? அவன் நாடாவை ஒட்டி முடித்த பிறகு அவன் மனைவி வந்து கதவைத் தட்டினால்?

கதை எளிமையானது. பிராட் ஓர் இசைக்கலைஞன், இப்போது வேலை இல்லை. மனைவி லெக்ஸி நகரின் மையப் பகுதியில் வேலை பார்க்கிறாள். இருவரும் அந்த வீட்டுக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. காலையில் அவள் காரில் கிளம்பிப் போகிறாள். சிறிது நேரத்தில் வானொலியில் செய்தி: நகரில் பல இடங்களில் குண்டு வெடித்திருக்கிறது. அவளுடைய கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. பிராட் காரை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போகிறான். சாலைகள் அடைக்கப்பட்டிருக்கின்றன, காவல்துறை யாரையும் உள்ளே விடவில்லை. வேறு வழியின்றித் திரும்புகிறான். வரும் வழியில் டேப்பும் மற்ற பொருள்களும் வாங்கிக்கொள்கிறான்.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஆல்வாரோ, போக்கிடம் இல்லாமல் இவன் வீட்டுக்குள் வந்து சேர்கிறான். வானொலியின் அறிவுரை தெளிவாக இருக்கிறது. வீட்டை அடையுங்கள், வெளியே வராதீர்கள், சாம்பல் பட்டவர்களை உள்ளே விடாதீர்கள். பிராட் தயங்குகிறான், மனைவி இன்னும் வரவில்லையே. ஆல்வாரோவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அடைத்தே ஆகவேண்டும் என்கிறான். இருவரும் ஜன்னல்களையும் கதவுகளையும் சந்துகளையும் மூடி ஒட்டுகிறார்கள். மனைவி இறந்திருக்கக்கூடும் என்று கணவன் அரை மனதாக நம்பத் தொடங்கும் நேரத்தில், மேலெல்லாம் சாம்பலோடு இருமிக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்கிறாள். திற என்கிறாள். அவன் திறக்கவில்லை.

அந்த இடத்தில் பார்வையாளர் மனம் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கட்டிய மனைவியை வெளியே நிறுத்துகிறானே என்று கோபம் வரும். ஆனால் படம் அந்தக் கோபத்தை நிலைக்க விடுவதில்லை. உள்ளே இன்னொரு மனிதனும் இருக்கிறான். அவன் உயிருக்கு யார் பொறுப்பு? கதவைத் திறந்தால் மனைவி பிழைப்பாள் என்ற உறுதி எதுவும் இல்லை, மூவரும் சாகக்கூடும் என்ற அச்சம் மட்டும் இருக்கிறது. வெளியே நிற்கும் லெக்ஸியும் ஒரே மனநிலையில் இல்லை. முதலில் கெஞ்சுகிறாள், பிறகு மிரட்டுகிறாள், திட்டுகிறாள், அழுகிறாள். ஒரு கட்டத்துக்கு மேல் அவனைப் புரிந்துகொள்ளவும் முயல்கிறாள். ஆல்வாரோ தன் மனைவியிடம் போய்ச் சேர வேண்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறான். அடை, அடை என்று அவசரப்படுத்தியவன் அவன்தான். கடைசியில் நச்சுக் காற்றுக்குள் இறங்கி மனைவியைத் தேடிப் போனவனும் அவன்தான். படம் இதைச் சுட்டிக்காட்டி எதுவும் சொல்வதில்லை. ஆனால் பிராட் தனியே நிற்கும் அந்தக் கணத்தின் கனம் முழுவதும் அதில் இருக்கிறது.

பேரழிவுப் படம் என்றாலே பெரும் செலவு என்று ஹாலிவுட் பழக்கியிருக்கிறது. சரியும் கோபுரங்கள், புரளும் பாலங்கள், ஓடும் கூட்டம். 2005இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' படத்துக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. கோராக்கிடம் அதில் ஒரு சிறு துளிகூட இல்லை. தூரத்தில், நகரின் மேல் எழும் கரும்புகை மட்டும் தெரிகிறது. மற்றதையெல்லாம் வானொலி சொல்கிறது. அறிவிப்பாளர்களின் குரல் முதலில் தடுமாறுகிறது. பிறகு அரசு அறிவிப்புகளை வாசிக்கிறது, ஒன்றுக்கொன்று முரணான செய்திகளைத் தருகிறது, நடுநடுவே தானும் அஞ்சுகிறது. கண்ணால் பார்க்காத அழிவு காதால் கேட்கும்போது இன்னும் பெரிதாகிறது. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுப்பை வானொலிச் செய்தி போலவே நாடகமாக்கி அமெரிக்கக் கேட்பாளர்கள் சிலரை நடுங்க வைத்தாரே, அந்தப் பழைய வித்தையின் பலம் அப்படியே இங்கும் இருக்கிறது. செலவு என்று பார்த்தால் ஒலிப்பதிவுக் கூடத்தில் சில குரல்கள். விளைவோ ஒரு நகரத்தின் அழிவு.

சாம்பல் இன்னொரு கருவி. எரிந்த காகிதத் துகள் போல மெல்லப் பறந்து வந்து தோட்டத்திலும் கார் கண்ணாடியிலும் லெக்ஸியின் தலைமுடியிலும் படிகிறது. பார்க்க அழகாகக்கூட இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அச்சம். செப்டம்பர் 11க்குப் பிறகு நியூயார்க் தெருக்களில் சாம்பல் பூசிய மனிதர்கள் நடந்து வந்த காட்சியைக் கண்ட எந்த அமெரிக்கருக்கும் இந்தப் படத்தில் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

மூன்றாவது கருவி பிளாஸ்டிக் தாள். அதன் ஊடாகப் பார்க்கும்போது முகம் மங்கி, சற்றுக் கலைந்து தெரிகிறது. ஒரே சட்டகத்தில் கணவனும் மனைவியும் ஓரடி இடைவெளியில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. ஒளிப்பதிவாளர் டாம் ரிச்மண்ட் கேமராவைக் கையில் தாங்கி, பாத்திரங்களின் மூச்சோடு சேர்ந்து அசையும்படி படம்பிடித்திருக்கிறார். வீட்டின் உள்ளே வெளிச்சம் வரவர அழுக்கேறி மஞ்சளாகிறது. வெளியே வானம் சாம்பல். எது பாதுகாப்பான பக்கம் என்பதை அந்த ஒளியே மெல்லமெல்லச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. 2006 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, கதைப்படப் பிரிவின் ஒளிப்பதிவு விருது ரிச்மண்டுக்குக் கிடைத்தது.

ரோரி காக்ரேன், மேரி மெக்கார்மக் ஆகிய இருவரும்தான் படத்தைத் தாங்குகிறார்கள். காக்ரேனை 'டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட்' படத்திலும் 'சிஎஸ்ஐ: மயாமி' தொடரிலும் பார்த்தவர்கள் உண்டு. மெக்கார்மக் 'த வெஸ்ட் விங்' தொடரில் நடித்தவர். இருவருமே பெரிய நட்சத்திரங்கள் இல்லை என்பது படத்துக்கு நல்லதாகவே அமைந்தது. நட்சத்திரம் என்றால் சாகமாட்டார் என்ற நம்பிக்கை பார்வையாளருக்கு வந்துவிடும். மெக்கார்மக்கின் லெக்ஸிக்கு அழகுபடுத்திக்கொள்ள இடமே இல்லை. சளியும் சாம்பலும் கண்ணீரும் கலந்த முகத்தோடு, கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு பழைய நாட்களைப் பேசும் காட்சிகளில்தான் இவர்கள் உண்மையான தம்பதி என்று நம்பத் தோன்றுகிறது. நடுப்பகுதியில் படம் சற்றுத் தொய்கிறது. வாதம் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருகிறது. ஆனாலும் நெருக்கடியில் சிக்கிய தம்பதி அப்படித்தான் பேசுவார்கள். புதுப்புது வாதம் கண்டுபிடிக்க அவர்களுக்கு எங்கே தெம்பு?

முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச வழியில்லை. பாதுகாப்பு உடையும் முகமூடியும் அணிந்த படைவீரர்கள் வருகிறார்கள், பரிசோதிக்கிறார்கள். லெக்ஸி சாகப்போகிறவள் என்றுதான் அதுவரை அவளும் அவனும் பார்வையாளரும் நினைத்திருக்கிறார்கள். உண்மை தலைகீழாக இருக்கிறது. அடைத்த வீட்டின் தேங்கிய, வெதுவெதுப்பான காற்றில் உள்ளே புகுந்த நச்சு பெருகியிருக்கிறது. திறந்த வெளியில் இருந்தவளுக்குப் பிழைக்க வழியுண்டு. உள்ளே பத்திரமாக இருந்தவனுக்கு இல்லை. வீரர்கள் வீட்டை வெளியிலிருந்து மூடி, அவனையும் உள்ளே வைத்துப் புகையைச் செலுத்துகிறார்கள். கதறும் மனைவியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கரையானை ஒழிக்க முழு வீட்டையும் கூடாரம் போல் போர்த்தி நச்சுவாயு செலுத்துவது தெற்குக் கலிஃபோர்னியாவில் தெருவுக்குத் தெரு காணும் காட்சி. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் தினமும் கடந்துபோகும் அந்தச் சாதாரணக் காட்சியைக் கோராக் மனிதனுக்கு விரித்த கூடாரமாக மாற்றிவிட்டார்.

இது திடுக்கிட வைப்பதற்காக மட்டும் செருகிய திருப்பம் என்று சொன்னவர்கள் உண்டு. நச்சு வீட்டுக்குள் 'பெருகும்' என்ற பகுதியை அறிவியல் ஏற்காது என்பது உண்மை. வேதிப்பொருள் பெருகாது, கதிரியக்கத் தூள் பெருகாது. நோய்க்கிருமிகூட வெறும் காற்றில் இனப்பெருக்கம் செய்துகொண்டிருக்காது. அதற்கு உடலோ ஊட்டப்பொருளோ வேண்டும். படம் வேதிப்பொருளையும் கிருமியையும் தன் வசதிக்காக ஒன்றாகக் குழைத்துக்கொள்கிறது. 'டர்ட்டி பாம்' என்ற சொல்லையும் தளர்வாகவே கையாள்கிறது. ஆனால் அந்த முடிவின் அடியில் இருக்கும் எண்ணம், அதாவது அடைத்த வீடு காப்பது ஓரளவு நேரத்துக்குத்தான், அதற்குப் பிறகு அதே வீடு நச்சைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் என்பது, நல்ல இயற்பியல்.

எந்த வீடும் முழுதாக மூடிய பெட்டி அல்ல. கதவு ஜன்னல்களைச் சாத்திய பிறகும் சந்துகள், குழாய்த் துளைகள், கூரை இடுக்குகள் வழியே காற்று போய்வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் வீட்டின் கொள்ளளவில் பாதி அளவு வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க வீடுகளுக்கு இது சாதாரணம். நச்சு மேகம் வீட்டைக் கடந்துபோகப் பத்து நிமிடம் ஆகிறது. கணக்குப் போட்டால், அந்தப் பத்து நிமிட முடிவில் உள்ளே சேர்ந்திருக்கும் நச்சின் செறிவு வெளியே இருந்ததில் சுமார் 8 சதவீதம். வெளியே நின்றவர் முழு அளவையும் சுவாசித்திருக்க, உள்ளே இருந்தவருக்கு அதில் ஒரு சிறு பங்குதான். இதுவரை வீட்டுக்கு வெற்றி. டேப் ஒட்டியிருந்தால் வெற்றி இன்னும் பெரிது.

இனிமேல்தான் சிக்கல். மேகம் போய்விட்டது, வெளிக்காற்று சுத்தம். ஆனால் உள்ளே நுழைந்த 8 சதவீதம் வெளியேறவும் அதே சந்துகள்தான் வழி, அதே மந்த வேகம்தான். அந்தச் செறிவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். கதவைத் திறக்காமல் மணிக்கணக்கில் உள்ளேயே இருப்பவர், வெளியே நின்றவர் பத்து நிமிடத்தில் சுவாசித்த மொத்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்து முடித்துவிடுவார். டேப் ஒட்டியிருந்தால் உள்ளே வருவது குறைவது போலவே வெளியேறுவதும் குறையும். பல நச்சுகளில் ஒரேயடியாக வரும் பெரிய அளவுதான் உயிரைப் பறிக்கும், சிறுகச் சிறுக வருவதை உடல் ஓரளவு தாங்கும் என்பதால், அப்போதும் அடைத்த வீட்டுக்கு ஓரளவு சாதகம் உண்டு. ஆனால் முழுப் பயன் கிடைக்க வேண்டுமானால் மேகம் கடந்தவுடன் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அடைப்பதற்கு எவ்வளவு அவசரமோ திறப்பதற்கும் அவ்வளவு அவசரம். பிராட்டுக்கு அடைக்கச் சொல்ல வானொலி இருந்தது. திறக்கச் சொல்ல யாரும் இல்லை.

டக்ட் டேப்பைக் கேலி செய்தவர்கள் அறியாத ஒன்று, அது ஆய்வுக்கு உட்படாமல் வந்த அறிவுரை அல்ல என்பது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் சோரன்சென், பார்பரா வோக்ட் இருவரும் 2001 ஆகஸ்டில், அதாவது செப்டம்பர் தாக்குதலுக்கு முந்தைய மாதமே, டேப்பும் பிளாஸ்டிக்கும் உண்மையில் பயன்படுமா என்பதையே தலைப்பாக வைத்து ஓர் அறிக்கை எழுதியிருந்தார்கள். பழைய ரசாயனப் போர்க்கருவிகள் சேமித்து வைக்கப்பட்டிருந்த கிடங்குகளைச் சுற்றி வாழும் மக்களுக்காக நடந்த ஆய்வு அது. தடித்த பிளாஸ்டிக் தாள் குறுகிய நேரத்துக்கு நல்ல தடுப்பாக இருக்கும் என்று அவர்கள் கண்டார்கள். சரியான நேரத்தில் அடைப்பை நீக்குவதும் அந்த முறையின் பிரிக்க முடியாத பகுதி என்றார்கள். அரசின் வழிகாட்டுதலிலும் முழு வீட்டை அடைக்கச் சொல்லவில்லை. உள்ளே ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து அடைக்க வேண்டும், ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்த வேண்டும் என்றுதான் இருந்தது. ஆளுக்குப் பத்துச் சதுர அடி தரை இருந்தால், அசையாமல் ஓய்வாக இருப்பவருக்கு ஐந்து மணி நேரம் வரை மூச்சுவிடக் காற்று போதும் என்ற கணக்கும் அதில் உண்டு. கேலியின் இரைச்சலில் இந்த ஐந்து மணி நேரம் என்ற பகுதி பலர் காதில் விழவே இல்லை.

இந்த முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது இஸ்ரேலில். 1991 வளைகுடாப் போரின்போது ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளில் ரசாயனம் இருக்கலாம் என்ற அச்சத்தில், ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் ஓர் அறையைப் பிளாஸ்டிக் ஒட்டி அடைத்து, அபாய ஒலி கேட்டதும் முகமூடியோடு அதற்குள் போய் உட்கார்ந்தது. ரசாயனம் ஏந்திய ஏவுகணை ஒன்றுகூட வரவில்லை. ஆனால் முகமூடியின் வடிகட்டியை மூடியிருந்த அடைப்பை எடுக்காமலே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தவர்கள் இருந்தார்கள். காக்க வந்த பொருளே அச்சத்தில் கொன்றது.

போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தபோது, மக்களிடம் பிளாஸ்டிக்கும் இல்லை, வானொலி அறிவிப்பும் இல்லை. அந்த வாயு காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து குடிசைகளுக்குள் புகுந்தது. கண்ணெரிச்சலில் விழித்த ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி ஓடினார்கள். ஓடும்போது மூச்சு வேகமாகும், நுரையீரலுக்குள் போகும் வாயுவும் பெருகும். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள்ளுங்கள், காற்றுக்குக் குறுக்கே நகருங்கள் என்று சொல்ல அன்றிரவு ஆளில்லை. மாநில அரசு உறுதிசெய்த உயிரிழப்பே 3,787. மற்ற மதிப்பீடுகள் அதைப் போலப் பல மடங்கு. படத்தின் வானொலி தவறாகவே வழிகாட்டியது என்று வைத்துக்கொண்டாலும், வழிகாட்ட ஒரு குரல் இருந்தது. போபாலுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

பிராட்டின் அச்சம் வெறும் கோழைத்தனம் அல்ல என்பதற்குச் சான்று டோக்கியோ. 1995 மார்ச் 20 காலை, ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் நச்சைக் கசியவிட்டது. அன்று ஒரே நாளில் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு மட்டும் 640 பேர் வந்தார்கள். வந்தவர்களின் உடைகளைக் களையாமல், கழுவாமல் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இடம் போதாமல் மருத்துவமனையின் தேவாலயக் கூடத்திலும் படுக்க வைத்தார்கள். காற்றோட்டம் குறைந்த அந்தக் கூடத்தில், நோயாளிகளின் உடையில் ஊறியிருந்த சரின் ஆவியாகி எழுந்து, சிகிச்சை தந்தவர்களையே தாக்கியது. பின்னர் நடந்த கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பணியாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அறிகுறிகள் தென்பட்டதாகத் தெரிந்தது. ஒருவர் தன்மேல் சுமந்து வரும் நச்சு இன்னொருவரைத் தாக்கும் என்பதும், அடைபட்ட இடம் அதைத் தீவிரமாக்கும் என்பதும் ஒரே நிகழ்ச்சியில் தெரிந்தன. முதலாவது பிராட்டை நியாயப்படுத்துகிறது. இரண்டாவது அவனைக் கொல்கிறது.

வீட்டை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் மனிதர்களைப் பற்றிய சிக்கனப் படங்களுக்கு அமெரிக்காவில் ஒரு பரம்பரை உண்டு. ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் ஒரு பண்ணைவீட்டின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் சண்டையிடுகிறார்கள். இரவெல்லாம் பிழைத்தவன் காலையில் காக்க வந்தவர்களின் துப்பாக்கிக்குப் பலியாகிறான். கோராக்கின் முடிவுக்கு நேரடி முன்னோர் அதுதான். பிரிட்டனில் பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் பிபிசிக்காக எடுத்த 'த வார் கேம்' அணுகுண்டுக்குப் பிந்தைய வாழ்வைக் காட்டிய விதத்துக்காகவே இருபது ஆண்டு ஒளிபரப்பப்படாமல் கிடந்தது. 1984இல் வந்த 'த்ரெட்ஸ்' ஷெஃபீல்டு நகரத்தின் சாதாரணக் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, கதவுகளைக் கழற்றிச் சாய்த்து அடியில் பதுங்கும்படி அரசு தந்த அறிவுரை எவ்வளவு பயன்பட்டது என்று காட்டியது. கோராக்கின் படத்துக்குப் பத்தாண்டு கழித்து 2016இல் வந்த '10 க்ளோவர்ஃபீல்டு லேன்' வெளிக்காற்று உண்மையிலேயே நச்சா இல்லையா என்ற ஒரே கேள்வியில் முழுப் படத்தையும் நடத்தியது. இவற்றுக்கு நடுவே 'ரைட் அட் யுவர் டோர்' படத்தின் தனித்தன்மை, அது கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு திருமணத்தை மட்டும் எடுத்துக்கொண்டதில் இருக்கிறது.

2006 செப்டம்பரில் பிரிட்டனிலும் 2007 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் படம் திரைக்கு வந்தது. அமெரிக்காவில் குறைந்த திரையரங்குகளே கிடைத்தன. வசூலும் பெரிதாக இல்லை. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கி ஐந்து மாதத்தில் சன்டான்ஸில் திரையிடப்பட்ட படம் இது. கூரைமேல் நின்று உதவிக்காக நாள்கணக்கில் காத்திருந்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த மக்கள், வானொலி சொல்வதையும் வந்து நிற்கும் சீருடையையும் முன்போல நம்பும் நிலையில் இல்லை. கோராக் அடுத்து 2011இல் இயக்கிய 'த டார்க்கஸ்ட் அவர்' மாஸ்கோவில் வேற்றுக்கிரகத்தவர் இறங்கும் கதை. முப்பரிமாணம், பெரிய செலவு, வெறிச்சோடிய ஒரு முழுத் தலைநகரம் எல்லாம் அதில் உண்டு. ஒரு கதவு தந்த நடுக்கம் அதில் இல்லை.

லெக்ஸியைப் போல நச்சுத் தூள் பட்டவர் வாசலில் வந்து நின்றால் செய்ய வேண்டியதை அவசரகால மருத்துவ வழிகாட்டிகள் சில வரிகளில் சொல்லிவிடுகின்றன. மேலுடைகளை வெளியிலேயே களையச் சொல்ல வேண்டும், தலைவழியே கழற்றாமல் வெட்டி எடுப்பது நல்லது. உடலில் ஒட்டியதில் பெரும்பகுதி உடையோடு போய்விடும். களைந்ததைப் பையில் கட்டித் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை சோப்பும் நிறையத் தண்ணீரும் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணை வெறும் தண்ணீரால் அலசினால் போதும். மாற்று உடை கொடுத்து, வீட்டுக்குள் அழைத்து, மற்றவர்கள் அடைந்திருக்கும் அறைக்கு வெளியே தனி அறையில் இருத்த வேண்டும். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும்.